மூத்தார் வாங்கிய பழைய மோட்டார்

அந்த மோட்டார் வண்டி எங்கள் வீட்டுக்குத் தானாக ஓடி வரவில்லை. இரண்டு மாடுகள் இழுத்துக்கொண்டு வந்தன. சுரங்க ஆட்கள் குடியிருந்த ஊரிகம் லைனில் இருந்த ஜனமெல்லாம் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. முன்னால் மாட்டுக்காரன், அவனுக்குப் பின்னால் கயிறு, கயிற்றின் முனையில் பித்தளை விளக்கு வைத்த கறுப்பு வண்டி. வண்டிக்குள் வெள்ளைக் கோட்டும் தலைப்பாகையுமாக என் கணவரின் அண்ணன், எனக்கு மூத்தார், ஊர்வலம் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

இறங்கியவர் என் பக்கம் திரும்பாமலே என் கணவரிடம் சொன்னார்: "தம்பி, இதை இங்கியே வெச்சிக்கோ. நம்ம வூட்ல வெச்சா உங்க அண்ணிக்கு அந்த நாத்தம் ஒத்துக்கல."

எனக்கு மட்டும் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. கைக்குழந்தையோடு நின்றுகொண்டிருந்தேன். மூத்தார் எதிரில் நின்று பேசுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. அந்த வழக்கத்தை யார் வைத்தார்களோ அவர்கள்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு.

மூத்தார் சுரங்கங்களுக்கு மரம் கொடுக்கும் காண்ட்ராக்டர். பூமிக்குள் பாறை சரியாமல் இருக்க முட்டுக் கொடுக்கிறார்களே, அந்த மரங்கள். ஆண்டர்சன்பேட்டையில் ஓட்டு வீடு, வாசலில் குதிரை வண்டி. என் கணவர் நந்திதுர்க் சுரங்கப் பட்டறையில் ஃபிட்டர். தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட, வடஆற்காட்டிலிருந்து தம்பியைக் கூட்டிவந்து வேலையில் சேர்த்துவிட்டவர் அண்ணன்தான். அதை அவர் யாரையும் மறக்க விட்டதில்லை. சாப்பாட்டுப் பந்தியில், சர்ச் வாசலில், என் கல்யாணத்தில்கூட சொன்னார்.

சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை, யாரும் சீந்தாத அந்த வண்டியை இவர் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார். இவர் அதை எங்கள் தலையில் கட்டினார். ஊரிகம் ஸ்டேஷனில் ரயில் விட்டு இறங்குகிறவர்களை மோட்டாரில் ஆண்டர்சன்பேட்டைக்கு ஏற்றிப்போகலாம், ஜட்காக்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள், வண்டியைச் சரி செய்து ஓட்டுவது தம்பியின் வேலை, வருகிறதில் ஆளுக்குப் பாதி. "பாதி உன்துடா" என்று லைன் ஜனம் கேட்கவே சொன்னார். என் கணவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. எனக்கு அந்த மலர்ச்சியைப் பார்க்கவே பயமாக இருந்தது.

எங்கள் வீடு மூங்கில் தட்டி வீடு. சுவரும் தட்டி, கூரையும் தட்டி, மேலே மண் பூச்சு. ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அந்த வரிசையே போய்விடும். அப்படிப் போன வரிசைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டை ஒட்டி ஒரு கொட்டகை போட்டு, அதற்குள் மோட்டாரும், பக்கத்தில் தகர டின்களில் பெட்ரோலும். டின்கள் பெங்களூரிலிருந்து ரயிலில் வரும். டின்னைத் திறந்தால் அடுப்பை அணைக்க வேண்டும் என்பது என் கணவர் எனக்குப் போட்ட சட்டம். நான் உலை வைத்திருப்பேன், அரிசி பாதி வெந்திருக்கும், "அணைச்சிடு, அணைச்சிடு" என்று கத்துவார். எத்தனையோ நாள் பாதி வெந்த சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு நாலு வீடு தள்ளியிருந்த ஒரு அக்காள் வீட்டு அடுப்புக்கு ஓடியிருக்கிறேன். அந்த அக்காள் நல்லவள். இருந்தாலும் எத்தனை நாளைக்கு இன்னொருத்தி அடுப்பில் போய் நிற்பது?

வண்டி ஓடாது என்று சொல்ல முடியாது. ஓடியது. குலுங்கிக் குலுங்கி ஓடியது. முன்பக்கத்தில் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால் நாலு தரம் இருமும், ஐந்தாம் தரம் வெடி போடும், பிறகு கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு உயிர் வரும். ஒருநாள் கைப்பிடி எதிர்ப்பக்கமாகத் திருப்பி அடித்து அவர் மணிக்கட்டு பூசணி மாதிரி வீங்கிவிட்டது. வீங்கின கையோடு மறுநாள் ஷிஃப்டுக்குப் போனார். போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போன வார்த்தை, "அண்ணனாண்ட சொல்லிடாத, மனசு கஷ்டப்படுவாரு."

பெட்ரோலை அது குடித்த குடி இருக்கிறதே! சாராயக் கடையில் சம்பள நாளில்கூட அப்படிக் குடிக்க மாட்டார்கள். ஒரு டின் ஊற்றினால் ஆண்டர்சன்பேட்டைக்கு இரண்டு நடை போய்வருவதற்குள் வற்றிவிடும். ஓடும்போது பாதி குடிக்கும், சும்மா நிற்கும்போது மீதியைக் கீழே சொட்டும். கொட்டகை மண் எப்போதும் ஈரமாக இருக்கும். நான் அதன்மேல் சாம்பலும் மணலும் கொட்டிக்கொண்டே இருப்பேன். குழந்தைக்கு ராவும் பகலும் இருமல்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மூத்தார் வருவார். நின்றுகொண்டிருக்கிற வண்டியில் ஏறி உட்கார்ந்து, ரப்பர் ஊதியை இரண்டு தரம் அமுக்கிவிட்டு, "இன்னாடா, இன்னும் சரியாவலையா?" என்பார். வண்டியின் மூடியை அவர் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அவர் கோட்டில் ஒரு பொட்டு எண்ணெய் பட்டு நான் கண்டதில்லை.

இப்படி இருக்கும்போதே, எங்கள் சபையில் ஒரு கல்யாணம் வந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் ஆண்டர்சன்பேட்டை சர்ச்சிலிருந்து ஊரிகம் வரைக்கும் தன் மோட்டாரில்தான் போவார்கள் என்று மூத்தார் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். யாரைக் கேட்டுச் சொன்னார்? என் கணவர் மட்டும் மெல்ல, "அண்ணா, மேடு ஏறுமான்னு தெரியல" என்றார். "ஏறும் ஏறும். நீ பயந்தாங்கொள்ளியா கீறதாலதான் அது ஏறல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வண்டிக்குப் பூமாலை போட்டார்கள். பெண் வெள்ளைச் சேலையும் முகத்திரையுமாகப் பின் சீட்டில் உட்கார்ந்தாள். நான் மற்றப் பெண்களோடு பின்னால் நடந்து வந்தேன். மேட்டில் பாதி ஏறியதும் வண்டி குலுங்கியது. ஒரு பெரிய வெடிச் சத்தம். பெண் அலறினாள். புகை மொத்தமும் பின்பக்கம் திரும்பி அவள்மேல் படர்ந்தது. வெள்ளைத் திரையெல்லாம் கரி. வண்டி நின்றேவிட்டது. அடியிலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. பாதையோரம் ஜட்காவை நிறுத்தியிருந்தவர்கள் குதிரையைவிட உரக்கச் சிரித்தார்கள்.

குதிரை வண்டியில் பின்னாலேயே வந்த மூத்தார் இறங்கினார். ஜனமெல்லாம் நிற்கிறது. பாதிரியார் நிற்கிறார்.

"காலையில முழு டின்னு ஊத்த சொன்னேனா இல்லியா?"

"ஊத்தனேண்ணா."

"ஊத்தினா எங்கடா போச்சு? நானும் பார்த்துக்கினுதான் கீறேன். டின்னு டின்னா வாங்கிக் குடுக்கறேன், காணாம பூடுது. எவங்கிட்டடா விக்கற?"

என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெட்ரோல் அவர் கண்ணெதிரில், எல்லார் கண்ணெதிரிலும் சொட்டிக்கொண்டிருக்கிறது. இதோ பாரண்ணா என்று விரலை நீட்டிக் காட்டியிருந்தால் போதும். காட்டவில்லை. திருடன் என்று அண்ணன் வாயால் கேட்டுவிட்டு, திருடன் மாதிரியே நின்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஜட்காவில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஜனம் பின்னாலேயே போய்விட்டது. மோட்டாரை வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தது நானும் அவரும்தான். கல்யாணத்துக்கென்று கட்டிய பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளினேன். வீட்டுக்கு வந்து கொட்டகையில் விட்டதும்தான் வெடித்தேன்.

"வாயி இல்லியா உங்களுக்கு? திருடன்றாரு, நிக்கறீங்களே!"

"அண்ணன் கோவத்துல சொன்னாரு மே."

"எனக்கு வந்தா அது கோவம் இல்லியா? ஒண்ணு இதைக் கொண்டுபோயி அவர் வாசல்ல தள்ளுங்க. இல்லாட்டி பிரிச்சுப் போட்டு இன்னாதான் ஆச்சுன்னு பாருங்க. சும்மா ஹாண்டில் சுத்திக்கினு நின்னது போதும்."

அவர் வண்டி மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு, "பிரிச்சா நீ கூட உக்காருவியா?" என்றார்.

அப்படித்தான் அந்த மழைக்காலம் முழுக்க அந்தச் சனியனோடு நானும் உட்கார்ந்தேன்.

முதல் ஷிஃப்ட் முடிந்து மத்தியானம் அவர் வருவார். சாப்பிட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போவோம். அவர் வளர்ந்தது ஆவி எஞ்சின்களோடு. அதில் வேகம் குறைந்தால் தீயைக் கூட்டுவார்கள். அந்தப் பழக்கத்தில், மோட்டார் திணறுகிறபோதெல்லாம் இவர் பெட்ரோல் விடும் ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டே வந்திருக்கிறார். அது மூச்சு முட்டித் திணறியிருக்கிறது, இவர் இன்னும் ஊட்டியிருக்கிறார். தீப்பொறி விழும் பிளக்கைக் கழற்றியபோது அது அடுப்புக்கரி மாதிரி இருந்தது. "இவ்ளோ கரி புடிச்சா எப்படி எரியும்?" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் தலையில் அவரே அடித்துக்கொண்டதால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஊசியை மூடி, கரியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தோம். வெடி குறைந்தது. சொட்டுவது நிற்கவில்லை.

கார்பரேட்டர் என்று ஒரு பித்தளைச் சிமிழ். பெட்ரோல் அதில்தான் வந்து நிற்கும். அதற்குள் வெறும் காற்றடைத்த ஒரு பித்தளை மிதவை. பெட்ரோல் நிறைந்தால் மிதவை மேலே எழும்பி வழியை அடைக்கும், குறைந்தால் இறங்கி வழி விடும். சொட்டுக்குக் காரணம் குழாய் மூட்டுகள்தான் என்று அவர் தோல் வளையங்களை மாற்றி மாற்றிப் போட்டிருந்தார். அன்றைக்கு மிதவையை வெளியே எடுத்துக் காதருகே வைத்து ஆட்டினார். முகம் மாறிவிட்டது. என் காதிலும் வைத்தார். உள்ளே களக் களக்கென்று சத்தம். காற்று மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் பெட்ரோல் புகுந்திருக்கிறது. கனம் ஏறிய மிதவை முழுகியே கிடந்திருக்கிறது, வழி திறந்தே கிடந்திருக்கிறது.

ஓட்டை எங்கே என்று கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த அக்காள் வீட்டிலிருந்து ஒரு சட்டி வெந்நீர் கொண்டுவந்தேன். மிதவையை அதில் அமுக்கிப் பிடித்தார். விளிம்பில் ஒரு இடத்தில் கடுகு கடுகாகக் குமிழி கிளம்பியது. நான்தான் முதலில் பார்த்தேன். "தோ! தோ!" என்று கத்தினேன். அந்த மயிரிழை விரிசலுக்காகத்தான் என் கணவர் ஊர் முன்னால் திருடன் ஆகியிருந்தார். சட்டியைத் தூக்கிக்கொண்டு அப்படியே மூத்தார் வீட்டுக்குப் போய் அவர் முன்னால் வைக்க வேண்டும் போல் இருந்தது.

மிதவைக்குள் இருந்ததையெல்லாம் வடித்து, நன்றாகக் காயவிட்டு, பட்டறைக்குக் கொண்டுபோய் ஈயம் வைத்து அடைத்துக்கொண்டு வந்தார். பொருத்தினோம். மறுபடியும் சொட்டியது. அவருக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. கையிலிருந்த ஸ்பானரை வீசினார். அது தட்டிச் சுவரைப் பொத்துக்கொண்டு அடுப்பங்கரையில் போய் விழுந்தது. குழந்தை அங்கேதான் தூங்கிக்கொண்டிருந்தது.

"கொன்னுடுவீங்களா? அண்ணனைத் திட்ட வாயி வரல, எம்புள்ள மேல ஸ்பானர் வீசறீங்களா?"

அவர் உள்ளே ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். அழுதுவிட்டார். நான் ஆறுதல் சொல்லவில்லை. அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் ஆறுதலுக்கு இடமில்லை.

மறுநாள் அவருக்கே புரிந்தது. ஈயம் அதிகமாக வைத்துவிட்டார். ஓட்டை அடைபட்டது, ஆனால் மிதவை கனமாகிவிட்டது. அரத்தை எடுத்துக்கொண்டு அந்த ஈயத்தைத் துளித்துளியாகச் சீவினார். சீவுவதும், போட்டுப் பார்ப்பதும், மறுபடி எடுத்துச் சீவுவதுமாகச் சில நாள் போனது. ஒரு சாயங்காலம் வண்டிக்கடியில் நான் பரப்பியிருந்த சாம்பல் காய்ந்தே இருந்தது. இரண்டு பேரும் குனிந்து அந்தச் சாம்பலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம்.

இன்னும் குலுக்கல் இருந்தது. புகை வெளியேறும் வால்வு எரிந்து, உட்காரும் இடத்தில் ஒட்டாமல் காற்று விட்டுக்கொண்டிருந்தது. எண்ணெயில் சாணை பிடிக்கிற குருந்தக்கல் பொடியைக் குழைத்துத் தடவி, வால்வை அதன் இடத்தில் வைத்து முன்னும் பின்னுமாகத் திருப்பி அரைக்க வேண்டும். அவர் மணிக்கட்டு இன்னும் சரியாகாததால் அந்த அரைப்பு பாதிக்கு மேல் என் கையில்தான் நடந்தது. அரைக்கும்போதெல்லாம் மூத்தார் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் நினைத்துக்கொண்டு அரைத்தேன். வால்வு பளபளவென்று வந்தது. "இன்னா மே, இவ்ளோ சீக்கிரம் முடிச்சிட்ட?" என்று அவர் ஆச்சரியப்பட்டார்.

மழை விட்ட ஒரு நாள் கைப்பிடியைச் சுற்றினார். இரண்டாம் சுற்றிலேயே வண்டி உயிர் பெற்றது. வெடி இல்லை, கறுப்புப் புகை இல்லை. தையல் மெஷின் ஓடுவதுபோல் ஒரே சீரான சத்தம். என்னையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு நந்திதுர்க் வரைக்கும் போய்த் திரும்பினார். பட்டறை ஆட்கள் கையாட்டினார்கள். எதிர்க்காற்றில் குழந்தை வாயைத் திறந்து திறந்து மூடியது. அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன். பொய் சொல்வானேன்.

பிறகு கொஞ்ச காலம் நன்றாகத்தான் போனது. ஷிஃப்ட் இல்லாத நேரமெல்லாம் ஸ்டேஷனுக்குப் போய் ஆட்களை ஏற்றிவருவார். இரண்டு நடைக்கு வற்றிய டின் வாரக்கணக்கில் வந்தது. சிரித்த ஜட்காக்காரர்களே வந்து மூடியைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மூத்தார் வந்து ஊதியை அமுக்கிப் பார்த்துவிட்டு, "நம்ம மோட்டார் ஜோரா ஓடுதாமே" என்றார். தம்பி கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்யாணத்தன்றைக்குச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், நான் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பியூனும் காக்கி போட்ட டிரைவர் ஒருத்தனும் வந்து நின்றார்கள்.

"துரை வண்டியை எடுத்துக்கினு வரச் சொன்னாரு" என்றான் பியூன்.

"எந்தத் துரை? இது எங்க வண்டிங்க."

"மரக் கிடங்கு துரைம்மா. காண்ட்ராக்டர் அவருக்குக் குடுத்துட்டாரே. உங்க வூட்டுக்காரருக்குத் தெரியுமே."

சுரங்கத்துக்கு வரும் மரத்தைப் பார்த்து, இது ஆகும் இது ஆகாது என்று கழிக்கிற துரை அவர். மூத்தாரின் மரம் எல்லாம் அவர் கை அசைந்தால்தான் உள்ளே போகும். எனக்கு விளங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தேன். என் கணவர் பின்பக்கம் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் துண்டோடு வந்து நின்றார்.

"தெரியுமா உங்களுக்கு?"

"முந்தாநாள் அண்ணன் சொன்னாரு."

"எங்கிட்ட சொல்லல."

"சொன்னா நீ சத்தம் போடுவ."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போனார். டிரைவருக்கு ஹாண்டில் போடத் தெரியவில்லை. இவரே போட்டுக் கொடுத்தார். அதோடு விடாமல் பக்கத்தில் குனிந்து, "இந்த ஊசியை மட்டும் தொடாதப்பா. திணறுதுன்னு தொறந்துடாத. சொட்டுதான்னு அடிக்கடி பாத்துக்கோ" என்று, பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்புகிற தாய் மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார். வண்டி சத்தமே இல்லாமல் லைனைத் தாண்டிப் போனது. மூத்தார் அதைக் கொடுத்தது பெரிதில்லை எனக்கு. அவர் குணம் தெரிந்ததுதான். இவர் அந்தக் கைப்பிடியைச் சுற்றிக் கொடுத்தாரே, அதைத்தான் இப்போதும் என்னால் பொறுக்க முடியவில்லை.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். "எங்க போற?" என்று அவர் கூப்பிட்டது காதில் விழுந்தது. நிற்கவில்லை. நல்ல வெயில். ஆண்டர்சன்பேட்டை கடைத்தெரு வழியாக நேராக மூத்தார் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மர வியாபாரி ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார்.

"மாமா, பாதி தம்பியுதுன்னு சொன்னீங்களே. அந்தப் பாதியை யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?"

நான் பேசியதையே அவரால் முதலில் நம்ப முடியவில்லை. வியாபாரியைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். "உள்ள போம்மா. அக்கா கீறா."

"நா உள்ள வர்றதுக்கு வரல. ஓடாத வண்டியைக் கொண்ணாந்து தள்ளினீங்க. ஊர் முன்னால திருடன்னு சொன்னீங்க. கை வீங்கி, சோறு தண்ணி இல்லாம சரி பண்ணோம். ஓட ஆரம்பிச்சதும் தூக்கிக் குடுத்துட்டீங்க. ஓடாதப்போ குடுத்திருக்கலாமே, ஏன் குடுக்கல?"

"பொம்பள பேசற பேச்சா இது? வாங்கினவன் நானு. அவனை வளத்து ஆளாக்கினவன் நானு."

"வளத்தீங்க. அதுக்கு எவ்ளோ நாளைக்குத்தான் அவரு குனிஞ்சுக்கினே கீறது?"

அவர் எழுந்துவிட்டார். கை ஓங்கவில்லை. ஆனால் முகம் கறுத்துவிட்டது. உள்ளேயிருந்து அவர் மனைவி, என் ஓரகத்தி, ஓடிவந்து என் தோளைப் பிடித்து, "வாணாம்மா, வெயில்ல வந்துகீற, ஒரு வாய் மோர் குடி" என்றாள். மோர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.

வீட்டில் பூகம்பம். அண்ணன் மானத்தை வாங்கிவிட்டேன் என்று என் கணவர் பல நாள் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. சோறு வைப்பேன், சாப்பிடுவார். சர்ச்சிலும் பேச்சுப் பரவிவிட்டது. பாதிரியார் வீடு தேடி வந்து, சமாதானமாகப் போகும்படி எனக்குத்தான் புத்தி சொன்னார். ஆண்டர்சன்பேட்டைக்குப் போய் மூத்தாருக்கும் சொன்னாரா என்று கேட்டேன். அவர் ஜெபம் செய்துவிட்டுப் போனார்.

கொட்டகை காலியாகக் கிடந்தது. அடுப்பை அணைக்கச் சொல்ல ஆளில்லை. குழந்தையின் இருமலும் நின்றுவிட்டது. அதற்காவது நன்றியோடு இருக்கலாம் என்று நினைத்தால், அந்த நன்றி வரவே மாட்டேன் என்றது.

பனிக்காலம் தொடங்கியபோது மூத்தார் எங்கள் வாசலுக்கு வந்தார். நான் போய்ப் பேசிவிட்டு வந்த பிறகு அவர் வருவது அதுதான் முதல் தடவை. என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூத்தார் உள்ளே வராமல் வாசலில் நின்றபடியே சொன்னார்: "டேய், அந்த வண்டி மறுபடியும் குலுக்குதாம். டின்னு டின்னாக் குடிக்குதாம். துரை கூப்பிடறாரு, ஸ்பானரை எடுத்துக்கினு வா."

எனக்குத் தெரியும், அந்த டிரைவர் ஊசியைத் திறந்திருப்பான். என் கணவருக்கும் தெரியும். அரை நாழிகை வேலை. அவர் எழுந்து கை கழுவிவிட்டுப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன், அவர் எழுவதைப் பார்க்கப் பிடிக்காமல்.

"நா வரலண்ணா."

"இன்னாடா சொன்ன?"

"வரல."

குரல் சின்னதாகத்தான் இருந்தது. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. ஆனால் சொன்னார். மூத்தாரின் கண் என்மேல் வந்தது.

"எல்லாம் இவ சொல்லிக் குடுக்கறது."

"நா சொல்லிக் குடுத்து அவரு கேக்கறவரா இருந்தா, ஹாண்டிலே போட்டுக் குடுத்திருக்க மாட்டாரு மாமா" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் நின்றார். தம்பி எழுந்து வருவான் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. எழவில்லை. போய்விட்டார். என் கணவர் மீதிச் சோற்றைச் சாப்பிடவில்லை. மறுநாள் என்னோடு பேச ஆரம்பித்தார். வண்டியைப் பற்றியோ அண்ணனைப் பற்றியோ பேசவில்லை. உப்பு குறைவு என்று சொன்னார். அதுவே போதுமாக இருந்தது.

இதனால் மூத்தார் கெட்டுப்போனார், தேவன் நியாயம் செய்தார் என்று கதை முடிந்தால் கேட்க நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவர் நன்றாகவே வாழ்ந்தார். மர காண்ட்ராக்ட் பெருகியது. வீட்டுக்கு மாடி எடுத்தார். அந்த மோட்டாரைத் துரை பெங்களூருக்கு ரயிலில் ஏற்றி அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். அது பிறகு யார் கையில் என்ன பாடு பட்டதோ தெரியாது. என் கணவர் பட்டறையில் ஃபிட்டராகவே இருந்தார். மோட்டார்கள் பெருகின பிறகு துரைமார் வண்டிகளைப் பழுது பார்க்கும் வேலையும் அவருக்கு வந்தது. வெளி ஆட்கள் வண்டி கொண்டுவந்தால் முதலில் கூலி பேசிவிட்டுத்தான் மூடியைத் திறப்பார்.

மூத்தார் இறந்தபோது போனேன். போகாமல் இருக்க முடியுமா? துக்க வீட்டுக்குச் சமைத்துப் போட்டேன், ஓரகத்தியைக் கட்டிக்கொண்டேன். அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கல்லறையில் பாதிரியார் அவருடைய பெருந்தன்மையைப் பற்றி நீளமாகப் பேசினார். தம்பியை வளர்த்து ஆளாக்கியதையும் சொன்னார். என் பக்கத்தில் நின்ற என் கணவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவருக்கு அண்ணன், அழுதார். நான் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன். எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. மண் போடச் சொன்னபோது ஒரு பிடி மண் போட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.